தானாக எரியும் விளக்கு

ராக்கியப்பனை நாச்சப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பல்லிடுக்கில் மாட்டிய கறித்துணுக்கை ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம். “எளங்கெடான்னு கறிக்கடைக்காரன் சத்தியம் பண்ணிக் குடுத்தான் மாப்ளே. கெழடுன்னு பல்லுக்குத்தான் தெரியுது” என்றான். “உனக்குப் பல்லிருக்குது, மாட்டுது. எனக்கு அந்தச் சீரழிவும் இல்லீடா மச்சான்” என்றார் இவர். அவன் சிரித்துவிட்டுக் குச்சியை வேலிக்குள் எறிந்தான். மோட்டாரை நிறுத்தணும் என்று சொல்லித் திரும்பி நடந்தான். அவ்வளவுதான். வேட்டியின் பின்புறம் செம்மண் ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுப் போடா என்று சொல்ல வாயெடுத்து, எட்டப் போய்விட்டானே என்று விட்டுவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தை நாச்சப்பன் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பார். பிழிந்து காயப்போட்ட துணியை மறுபடி எடுத்துப் பிழிகிற மாதிரி. ஒரு சொட்டும் வரவில்லை. அவன் முகத்தில் ஒன்றும் இல்லை, குரலில் ஒன்றும் இல்லை. சாகப் போகிறவன் மேல் ஏதோ ஓர் அடையாளம் இருக்கும் என்ற நம்பிக்கை தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. இருந்ததெல்லாம் கறித்துணுக்கும் செம்மண்ணும்தான். அன்றைக்கு ராத்திரியே அவனையும் அவன் பெண்டாட்டி தெய்வாத்தாளையும் வீட்டுக்குள் அடித்துக் கொன்றுவிட்டு, கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

தொப்பென்று தேங்காய் விழுந்தது. நாச்சப்பனுக்கு நாற்காலியில் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. காய்தான். மத்தியானத்திலிருந்து காய்தான் விழுந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உடம்பு தனித்தனியாகப் பயந்துகொள்கிறது, அதற்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வாசலில் சுவரோரமாக நாற்காலியைப் போட்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கவேண்டும். இடது கண்ணுக்கு இரும்புக் கேட்டு, வலது கண்ணுக்குக் கிணறு, நேரே களம். இந்த இடத்தைக் கண்டுபிடிக்க நாற்காலியை எத்தனையோ நாள் நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்கிறார். முன்பெல்லாம் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே நாற்காலி. இப்போது வெயில் மூஞ்சியில் அடித்தாலும் இங்கேதான். வேட்டி மடிப்பில் மிளகாய்ப் பொடிப் பொட்டலம் இருந்தது. கழுத்தில் மகள் வாங்கிக் கொடுத்த விசில், பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் மாதிரி. கதவுக்குப் பின்னால் பூண் போட்ட தடி. சுவரில் தலைக்கு மேலே கேமரா. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு இன்ஸ்பெக்டர் சொன்னதெல்லாம் செய்தாயிற்று. தெரியாத ஆளை உள்ளே விடாதீர்கள், தண்ணீர் கேட்டால் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள் என்று அவர் சொன்னபோது மண்டபத்திலிருந்த கிழடுகள் எல்லாம் தலையாட்டின, இவரும் ஆட்டினார். ஆனால் காய் போடுகிறவனை எப்படிக் கேட்டுக்கு வெளியே வைப்பது? அதை இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை. தென்னை கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. அவர்கள் வரும்போதே அரிவாளோடுதான் வருவார்கள். அரிவாள் இல்லாமல் வந்தால்தான் நீ எதுக்கு வந்தாய் என்று கேட்கவேண்டும்.

ஒருத்தன் மரத்தின் மேலே இருந்தான், வேலுச்சாமி. மட்டைகளுக்குள் அவன் குரல் மட்டும் வந்தது, யாரையோ கிண்டல் பண்ணிக்கொண்டு. மேஸ்திரி சென்னியப்பன் விழுந்த காய்களைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தான். களத்தில் நட்டிருந்த இரும்புப் பாரையில் மாதையன் மட்டை உரித்துக்கொண்டிருந்தான், பச்சைச் சட்டை, தலையில் துண்டு. காயை இரண்டு கையாலும் தூக்கி, பாரை முனையில் குத்தி, ஒரு திருகு. நார் கிழிகிற சத்தம். மறுபடி குத்தி ஒரு திருகு. நாச்சப்பன் அந்தச் சத்தத்தைக் கேட்கக்கூடாது என்று நினைத்தார், கேட்டார். எலும்பு அப்படித்தான் சத்தம் போடுமா என்று நினைக்கக்கூடாது என்று நினைத்தார், அதையும் நினைத்தார். அறுபது வருஷமாகக் கேட்ட சத்தம் இது. இந்தச் சத்தம் கேட்டால் ஒரு காலத்தில் பசி எடுக்கும், அன்றைக்கு வீட்டில் தேங்காய்ப் பால் விட்டு ஏதாவது செய்வார்கள். இப்போது அதற்கு வேறு அர்த்தம் ஏற்றிவிட்டார்கள். யார் ஏற்றியது? யாரோ முகம் தெரியாத நான்கு பேர் ஒரு ராத்திரியில் ஏற்றிவிட்டுப் போனது. பயமாக இருக்கிறது என்பதைவிடப் பெரிய அவமானம், இந்த ஆட்கள் அவருக்கு வேண்டும் என்பது. இவர்கள் இன்றைக்கு வேலையை முடித்து, போகும்போது அடுத்த தடவைக்கும் வர்றமுங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் அவர் இந்த வீட்டில் இருக்கலாம். சொல்லாவிட்டால் திருப்பூரில் கலாமணி வீட்டு மூன்றாவது மாடி. மகள் அப்படித்தான் முடிவாகச் சொல்லியிருந்தாள். “ஆளே வராத தோட்டத்துல நீங்க மட்டும் உக்காந்து என்னத்தைப் பண்றீங்ப்பா? காய் போட ஆள் வந்தா இருங்க. வரலீன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அப்பறம் ஒண்ணும் பேசக்கூடாது.” சரி கண்ணு என்றார். மூன்று தடவை காய் முற்றி, நெற்றாகி, தானாக விழுந்து, எலி தின்று போயிற்று. ஒருத்தரும் வரவில்லை. தனித் தோட்டம் என்றாலே எந்த மேஸ்திரியும் போனை எடுப்பதில்லை. அதற்குக் காரணம் மாதையன். அதாவது மாதையனுக்கு நடந்தது. கடைசியில் சென்னியப்பனை வீட்டுக்கே தேடிப் போய், தெருவில் நின்று, வா சென்னியப்பா என்று கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டு வந்தார். வருகிறபோது அவன் மாதையனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

பிணத்தைக் கண்டுபிடித்தவன் மாதையன். ராக்கியப்பன் தோட்டத்தில் காய் போட வந்தவர்களில் அவன்தான் வீட்டுப் பக்கம் குரல் கொடுக்கப் போனான். நாற்றம் அடித்தது, கதவு சாத்தி மட்டும் இருந்தது. அங்கிருந்து ஓடி நாச்சப்பன் கேட்டில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சு வரவில்லை, கேட்டு மட்டும் ஆடிற்று. அவன் பிடித்திருந்ததில் அது ஆடிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. போலீஸ் வந்து எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தது. “மொதல்ல பாத்தது ஆரு?” “நானுங்க.” “வண்டில ஏறு.” அவ்வளவுதான் விசாரணை. எங்கே வைத்திருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொன்னதில்லை. திரும்பி வந்தபோது வலது கை காதுக்கு மேலே எழும்பவில்லை. மரம் ஏறுகிறவனுக்குத் தோள் போனால் என்ன மிச்சம்? அன்றிலிருந்து அவன் கீழே நின்று மட்டை உரிக்கிறான். பிறகு உண்மையான ஆட்கள் பிடிபட்டார்கள். வேறு ஜில்லாக்காரர்கள், ஆடு வாங்குகிற மாதிரி தோட்டம் தோட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள். டிவியில் துணியால் முகத்தை மூடி அழைத்துப் போனார்கள். மாதையன் இல்லை என்று ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன, தெரிந்த பிறகும் அவனைக் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாச்சப்பனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காயைத் திருகும்போது அந்த மணிக்கட்டில் ஒரு நரம்பு மேலே எழுந்து வருகிறது. அதைப் பார்க்கவேண்டாம். வேறு எங்காவது பார்க்கவேண்டும். கேட்டைப் பார்க்கலாம். கேட்டு சாத்தியிருக்கிறது, ஆனால் பூட்டவில்லை. ஆள் உள்ளே இருக்கும்போது பூட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? பூட்டாவிட்டால் வெளியிலிருந்து வருகிறவன் வருவான். பூட்டினால் உள்ளே இருப்பவர்களோடு தானும் அடைபட்டுப்போவோம். எப்படி யோசித்தாலும் ஒரு பக்கம் திறந்து கிடந்தது.

அந்த ஆட்டுக்காரர்களில் ஒருவன் இந்த வாசலுக்கும் வந்திருந்தான். இதை நாச்சப்பன் யாரிடமும் சொல்லியதில்லை, சொன்னால் மகள் அன்றைக்கே வண்டி அனுப்பிவிடுவாள். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தான். குட்டி இருக்குதுங்களா என்று கேட்டான். இல்லை என்றார். தண்ணீர் கேட்டான். பெண்டாட்டி பாவாயி உயிரோடு இருந்திருந்தால் மோர் கொடுத்திருப்பாள். வந்தவன் யார் என்று கேட்பதற்கு முன்னால் சொம்பு அவன் கையில் இருக்கும், யாருங்க என்று நாச்சப்பன் கேட்டால் குடிக்கட்டும் இருங்க என்று அவள் இவர் மேல் பாய்வாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகியும் சொம்பு மட்டும் அதே இடத்தில் இருந்தது, இவர் எடுத்துக் கொடுத்தார். அவன் அண்ணாந்து குடித்துவிட்டு, “தண்ணி நல்லா இருக்குதுங்க, எங்க பக்கம் உப்பு” என்றான். டிவியில் முகத்தை மூடியிருந்தார்கள், ஆனால் நடையைக் கொண்டு தெரிந்துவிட்டது. அன்றைக்குக் கலாமணி வந்திருந்தாள், உள்ளே இருந்ததால் அவனைப் பார்க்கவில்லை, அவள் கார் வேப்பமரத்தடியில் நின்றது. காரைப் பார்த்துவிட்டு அவன் அடுத்த தோட்டத்துக்குப் போனான். அது ராக்கியப்பன் தோட்டம். கார் ஒரு நாள் முன்னாலேயே கிளம்பியிருந்தால்? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் போயிருந்தால்? இதற்கு மேல் யோசிக்கவேண்டாம். யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. உயிரோடு இருப்பதற்குத் தான் செய்த காரியம் என்ன என்று பார்த்தால் ஒன்றுமில்லை, ஒரு கார் நின்றது. தடியும் விசிலும் மிளகாய்ப் பொடியும் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. கிணற்றுத் தண்ணீரை ஒரு கொலைகாரன் மெச்சிவிட்டுப் போனது மட்டும் நிஜம். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் அவருக்கு ருசி தெரிகிறது. முன்பு தெரியாது.

பாவாயி சர்க்கரையில் போனாள். பெரிய ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, சுற்றி மகளும் நாத்தனார்களும் நிற்க, டாக்டர் மணி பார்த்துச் சொல்ல. அன்றைக்கு அதைவிடக் கொடுமை இல்லை என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ராக்கியப்பன்தான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது அதே சாவை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாவது ஒரு கொடுப்பினை. நல்லவேளை இதையெல்லாம் பார்க்காமல் போய்விட்டாள் என்று ஒரு நாள் வாய் கொப்பளிக்கும்போது நினைத்துவிட்டு, பெண்டாட்டி செத்தது நல்லது என்று நினைக்கிற இடத்துக்குத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யார் என்று தெரியாமல் வாயிலிருந்த எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தார். மறுபடி ஒரு காய் விழுந்தது. மறுபடி உடம்பு. “மேல பாத்து உக்காருங்கய்யா, காத்துக்குக் காய் எகிறி வரும்” என்று மேலேயிருந்து வேலுச்சாமி கத்தினான். “எனக்கு ஒண்ணும் ஆவாது, நீ புடிச்சு ஏறு” என்று இவர் கத்தினார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரன் குரலும் இப்படித்தான் வந்தது.

விளக்குப் பேச்சை ஆரம்பித்தது நாச்சப்பன்தான். ராக்கியப்பன் சாவதற்கு முன்பே பக்கத்துத் தாலுகாவில் இப்படி ஒரு கிழவனையும் கிழவியையும் கொன்றிருந்தார்கள். அப்போது இரண்டு பேரும் வேலியில் நின்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். பொழுது விழுந்ததும் அவனவன் வாசல் விளக்கைப் போடுவது, எதிர்த் தோட்டத்து விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, எரிந்தால் வீட்டுக்குள் போய்ப் படுப்பது. எரியாவிட்டால் போன், போன் எடுக்காவிட்டால் டார்ச்சோடு நேரே போவது. காலையில் அணைக்கவேண்டும், அணையாவிட்டாலும் போய்ப் பார்க்கவேண்டும். தென்னைக்கு நடுவே அந்த வீட்டில் வேறெதுவும் தெரியாது, விளக்கு மட்டும் தெரியும். போன் என்றால் சார்ஜ் இருக்காது, கத்தினால் காற்று எதிர்த்து அடிக்கும். விளக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பேருக்கும் பெருமையாகக்கூட இருந்தது, போலீஸ் யோசிக்காததை நாம் யோசித்தோம் என்று. ஒரு நாள் தெய்வாத்தாள் சீரியல் பார்த்துக்கொண்டு விளக்குப் போட மறந்துவிட, இவர் டார்ச்சும் தடியுமாக வேலி தாண்டிப் போய் நிற்க, அவள் வெட்கப்பட்டுச் சிரித்து, “வந்ததுதான் வந்தீங்க, ரெண்டு தோசை தின்னுட்டுப் போங்கண்ணா” என்று உட்கார வைத்துவிட்டாள். அப்புறம் பொங்கலுக்கு அவர்கள் மகன் ஊரிலிருந்து வந்தான். கால் வலியோடு அம்மா தினமும் எழுந்து போய் சுவிட்சு போடுகிறாளே என்று ஒரு பல்பு வாங்கி மாட்டினான். இருட்டினால் தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும். ராக்கியப்பன் வேலியோரம் வந்து கூப்பிட்டுக் காட்டினான். “பாரு மாப்ளே, சுச்சுமில்லை ஒண்ணுமில்லை. ஆளே வேண்டியதில்லை.” இவரும் பார்த்தார். நல்ல வெளிச்சம், வெள்ளையாக. “எத்தனை வாட்டுடா?” என்று கேட்டார். அதைத்தான் கேட்டார். விளக்கைப் போட ஆள் வேண்டியதில்லை என்றால் அந்த விளக்கு இனி யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது என்பது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. அந்தப் பையனுக்கு ஏற வழியில்லை, அவனிடம் யாரும் ஏற்பாட்டைச் சொல்லவில்லை. இவர்களுக்கு ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை. அன்றைக்கும் பொழுது விழுந்தது, விளக்கு எரிந்தது, இவர் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அப்படித்தான். திங்கள் எரிந்தது. செவ்வாய் எரிந்தது. காலையில் ஒழுங்காக அணைந்தது. என்ன இவன் வேலிப் பக்கமே காணோம், கெழட்டுக் கறி வயித்தைக் கலக்கிவிட்டதோ என்று மனசுக்குள் கேலி பண்ணிக்கொண்டு, விளக்கைப் பார்த்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கினார். வாழ்க்கையில் நன்றாகத் தூங்கிய கடைசி ராத்திரிகள் அவை. அங்கே ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பல்பை இன்னும் யாரும் கழற்றவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது, பொழுது விழுந்தால் எரிகிறது. நாச்சப்பன் அந்தப் பக்கத்து ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார்.

அதனால்தான் கேமராவுக்குச் சம்மதித்தார். விளக்கு மாதிரி இல்லை, இதற்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறாள், மகள் இருக்கிறாள், அவள் பார்க்கிறாள், பேசுகிறாள். ஆனால் பேசும்போது கொஞ்சம் யோசித்துப் பேசு கண்ணு என்று காலையில்தான் கேட்டுக்கொண்டார். “இன்னைக்கு ஆளுக வர்றாங்க. கஷ்டப்பட்டுக் கூட்டியாந்திருக்கறேன். சாயந்திரம் வரைக்கும் நீ பாத்துக்கிட்டு மட்டும் இரு, வாயத் தொறந்தராத.” “செரிங்ப்பா, பேசலை. ஆதார் மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிருங்க.” எடுக்கவில்லை. எப்படிக் கேட்பது? ராக்கியப்பன் வீட்டில் பிணத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பலனாகத் தோளைக் கொடுத்தவனிடம் உன் ஆதாரைக் காட்டு என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு சின்ன திருப்திகூட இருந்தது. நான் இன்னும் அவ்வளவு கீழே போகவில்லை என்று. பாரைச் சத்தம் நின்றது. நாச்சப்பன் நிமிர்ந்தார். மாதையன் துண்டால் முகத்தைத் துடைத்தான். கீழே கிடந்த அரிவாளை எடுத்தான், முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான், மொன்னை போலிருக்கிறது. கிணற்றுப் பக்கம் நடந்தான். கிணற்றைத் தாண்டினான். வீட்டுக்குப் பின்பக்கம் திரும்பினான். பின்னால் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, துணி துவைக்கிற கல் இருக்கிறது, தீட்டத்தான் போகிறான். பின்கதவும் அங்கேதான் இருக்கிறது. தாழ் போட்டோமா? போட்டோம். காலையில் போட்டோம். அது நேற்றா? எழுந்து போய்ப் பார்க்கலாம். எழுந்தால் சந்தேகப்படுகிறான் என்று தெரிந்துவிடும். எழவேண்டாம். தலைக்கு மேலே சுவர் கரகரத்தது.

“அப்பா! அப்பா, கேக்குதுங்களா? அந்தப் பச்சைச் சட்டை ஆருங்க? வீட்டுக்குப் பின்னாடி போறான், கையில அருவா இருக்குது. அப்பா!”

களம் முழுக்கக் கேட்டது. சென்னியப்பன் கூட்டிய காயை அப்படியே விட்டு நிமிர்ந்தான். மாதையன் நின்று, திரும்பி வந்து, சத்தம் வந்த இடத்தைத் தேடி, சுவரைப் பார்த்தான். ஆளில்லாத சுவரைப் பார்த்து மரியாதையாக, “தண்ணி குடிச்சுட்டு, அப்படியே இதைத் தீட்டலாமுன்னு போனனுங்க அம்மிணி” என்றான். மரத்து மேலே வேலுச்சாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “டேய் மாதையா, தலையச் சீவிட்டு நில்லுடா, படம் புடிக்கறாங்க!” மாதையனும் சிரித்தான். “என்ற படம் ஸ்டேசன்லயே இருக்குதுடா. நேராவும் இருக்குது, சைடுலயும் இருக்குது.” நாச்சப்பனும் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும். அதற்குள் சுவர் மறுபடி பேசிற்று. “அப்பா, அது அந்த ஆளா? போலீசு புடிச்சுட்டுப் போனாங்களே, அவனையா உள்ள விட்டிருக்கறீங்க? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா?” சிரிப்பு நின்றது. இப்போது சொல்லவேண்டும் என்று நாச்சப்பனுக்குத் தெரிந்தது. அவனில்லை கண்ணு, அவன் நம்ம ஆளு, புடிச்சாங்க விட்டுட்டாங்க, நீ போனை வை. நாலு வார்த்தை. அது நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தும் விட்டது. மாதையன் அவரைப் பார்த்துக்கொண்டே இரண்டு எட்டு முன்னால் வந்தான், அவனும் ஏதோ சொல்லத்தான் வந்தான். வெயில் அரிவாளில் பட்டு நாச்சப்பன் கண்ணில் அடித்தது. மணிக்கட்டில் அந்த நரம்பு.

“அருவாளைக் கீழ போடுறா!”

யாரோ கத்தினார்கள் என்று நினைத்தார். அவர்தான். எழுந்து நின்றிருந்தார், முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. வலது கை மடியிலிருந்து வெளியே வந்திருந்தது, எப்போது வந்தது என்று தெரியவில்லை. பிடித்த பிடியில் பொட்டலம் கிழிந்து வேட்டி மேலெல்லாம் சிவப்பாகக் கொட்டியிருந்தது. காற்றில் நெடி ஏறியது. மாதையன் குனிந்து, சத்தம் வராமல், அரிவாளை மண்ணில் வைத்தான். அன்றைக்குப் போலீஸ் வண்டியிலும் அவன் இப்படித்தான் ஏறியிருப்பான். நிமிர்ந்து வேட்டியைப் பார்த்தான், கையைப் பார்த்தான்.

“மொளகாப் பொடிங்களா?”

நாச்சப்பன் வேட்டியைத் தட்டினார்.

“காலையிலிருந்து வெச்சிருந்தீங்களா?” என்றான். பிறகு, தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக மட்டும் கேட்கிறவன் போல, “எனக்குங்களா?” என்றான்.

இல்லை என்று சொல்லியிருந்தால் பொய். எல்லாருக்கும் என்று சொல்லியிருந்தால் உண்மை, ஆனால் அது இல்லை என்பதைவிட மோசமாக இருந்திருக்கும். கண் எரிந்தது, துடைக்கக் கை போனது, அந்தக் கைதான் என்று ஞாபகம் வந்து பாதியில் நின்றது. மாதையன் தலைத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டான், எழும்பாத தோளில். தண்ணீர் குடிக்காமலே கேட்டைப் பார்த்து நடந்தான். வேலுச்சாமி சறுக்கிக்கொண்டு இறங்கிவந்து, கீழே வைத்த அரிவாளை எடுத்துத் தன்னுடையதோடு சேர்த்துச் சாக்கில் சுற்றினான். இவர் முகத்தைப் பார்க்கவில்லை. “சென்னியப்பா” என்றார் நாச்சப்பன். “சென்னியப்பா, இருடா. புள்ளை ஏதோ தெரியாமப் பேசிருச்சு. மீதியையும் முடிச்சுட்டுப் போலாமில்ல?” சென்னியப்பன் பாரையை மண்ணிலிருந்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான். “புள்ளை பேசுனதுக்கு நாங்க போவலீங்கய்யா. புள்ளை ஊருல இருக்குது, அதுக்கு ஆரத் தெரியும்?” “கூலியாவது வாங்கிட்டுப் போ.” “இருக்கட்டுமுங்க.” பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். “இவன் வரமாட்டேன்னுதான் சொன்னான். நாந்தான், நாச்சப்பக் கவுண்டர் அப்படியாப்பட்ட ஆளில்லை வாடான்னு கூட்டியாந்தேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். “இனி எங்க பக்கம் ஆரையும் தேடி வராதீங்க. வந்தாலும் ஆரும் வரமாட்டாங்க.”

மூன்று பேரும் போனார்கள். கடைசியில் போனவன் கேட்டைச் சாத்திவிட்டுப் போனான். மொபெட் சத்தம் தென்னைகளுக்குள் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது. நாச்சப்பன் குழாயடிக்குப் போய் கை கழுவினார், எத்தனை கழுவினாலும் எரிந்தது. பின்கதவைத் தள்ளிப் பார்த்தார். தாழ் போட்டுத்தான் இருந்தது. “அப்பா” என்றது சுவர். “போயிட்டாங்களா? கேட்டைப் பூட்டுங்க மொதல்ல.” போய்ப் பூட்டிவிட்டு வந்தார். “பூட்டிட்டீங்களா? நல்லவேளைப்பா, நான் பாத்துக்கிட்டு இருந்தேன். நான் மட்டும் பாக்காம இருந்திருந்தா?” அவர் முழங்கையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, “அப்பா, அழுவறீங்களா?” என்றாள். “இல்ல கண்ணு, மொளகாப் பொடி.” “இனி ஆள் வருவாங்களா?” என்று கேட்டாள். “வரமாட்டாங்க” என்றார். “செரி. ஞாயித்துக்கெழமை வண்டி எடுத்துட்டு வர்றோம். துணிமணி மட்டும் எடுத்து வெச்சாப் போதும்.” செரி கண்ணு என்றார். ஒன்றும் பேசக்கூடாது என்று முன்பே பேசியாயிற்று. கேமராவில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது. அவள் போய்விட்டாள், அல்லது போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாற்காலியில் உட்காரப் போனவர் உட்காரவில்லை. முதுகுக்குச் சுவர் வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. எதற்குமே தயாராக இருக்கவேண்டிய தேவை இல்லாத மாதிரி இருந்தது. அப்படி இருப்பது பயத்தைவிட நன்றாக இல்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. களத்தில் உரித்த காய் ஒரு பக்கமும் உரிக்காத காய் ஒரு பக்கமும் கிடந்தது. உரிக்காததுதான் அதிகம்.